பாவமன்னிப்பின் ஊற்று

கத்தோலிக்கக் கோயிலில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்ததும், குரு அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு சிறு வாய்ப்பாட்டைச் சொல்கிறார். சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். பாவமன்னிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கான திருச்சபையின் விடை முழுவதும் அந்த அரை நிமிடத்துக்குள் அடங்கியிருக்கிறது. வாய்ப்பாட்டின் முதல் எழுவாய் கடவுள். இரக்கத்தின் தந்தை என்ற பெயரோடு அவர் முன்னே நிற்கிறார். தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் அவர் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியதும், பாவங்கள் நீங்கும்படி தூய ஆவியாரைப் பொழிந்ததும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகின்றன. அதன் பிறகு திருச்சபையின் பணி வழியாக மன்னிப்பும் அமைதியும் இவருக்குக் கிடைக்கவேண்டும் என்ற வேண்டல். இத்தனையும் சொன்ன பிறகே குருவின் ‘நான்’ வாய் திறக்கிறது: தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் நான் உன்னை விடுவிக்கிறேன் என்று. கடைசி வாக்கியம் இடைக்காலத்திலிருந்தே வழங்கி வருவது. முழு வாய்ப்பாடும் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது 1973 டிசம்பர் 2 என்று தேதியிட்ட சடங்குநூலில்.

இந்த வரிசையைக் கவனிக்கத் தவறுவதால் மூன்று தவறான எண்ணங்கள் வெகுகாலமாக உலவுகின்றன. கடைசி ‘நான்’ மட்டும் காதில் விழுந்தவர், குருதான் மன்னிக்கிறார் என்று நினைக்கிறார். பாவியின் கண்ணீரைப் பார்த்தவர், அந்த வருத்தமே மன்னிப்பைப் பிறப்பிக்கிறது என்கிறார். குரு விதிக்கும் செபத்தையும் நோன்பையும் பார்த்தவர், அது மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை என்று கணக்குப் போடுகிறார். குருவுக்கும் வருத்தத்துக்கும் பரிகாரத்துக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் ஊற்று என்ற இடம் மூன்றில் ஒன்றுக்கும் கிடையாது.

கப்பர்நாகும் ஊரில் நடந்ததாக மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்லும் நிகழ்ச்சியில் இந்தக் கேள்வி முதன்முதலாக நேருக்கு நேர் எழுகிறது. வீட்டு வாசல் வரை கூட்டம். முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவர்கள் கேட்டு வந்தது நடக்கும் கால்கள். இயேசு முதலில் கொடுத்தது பாவமன்னிப்பு. அங்கே உட்கார்ந்திருந்த மறைநூல் அறிஞர்கள் கடவுள் ஒருவரைத் தவிரப் பாவத்தை மன்னிக்க யாரால் முடியும் என்று மனதுக்குள் கொதிக்கிறார்கள். அவர்களுடைய மறையியலில் பிழையே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். திருச்சபையும் இன்றுவரை அதே வாக்கியத்தைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறது. தங்கள் முன் நிற்பவர் யார் என்பதில்தான் அவர்களுக்குப் பார்வை எட்டவில்லை. இயேசு அந்த வாக்கியத்தை மறுக்காமல், நோயாளியை எழுந்து நடக்கவைத்துத் தமக்கு அந்த அதிகாரம் உண்டு என்று காட்டுகிறார். இதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயு, முடிவில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: இத்தகைய அதிகாரத்தை மனிதருக்குக் கொடுத்த கடவுளைக் கூட்டம் போற்றியது என்கிறார். மனிதர் என்று பன்மையில். பின்னால் வரப்போகும் ஒரு பெரிய வரலாற்றின் விதை அந்தப் பன்மையில் கிடக்கிறது.

கடவுள் மட்டுமே மன்னிக்க முடியும் என்பதற்குக் காரணம், பாவம் எதுவானாலும் இறுதியில் அவரைத் தொடுகிறது என்ற நம்பிக்கை. தாவீது பத்சேபாவைக் கவர்ந்தான். அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவைத்தான். அந்தப் பாவத்தோடு மரபு இணைத்துப் படிக்கும் 51ஆம் திருப்பாடலோ, கடவுள் ஒருவருக்கு எதிராகவே குற்றம் செய்துவிட்டதாக அழுகிறது. உரியாவின் குருதியை மறந்த பேச்சாக இது முதலில் தோன்றலாம். உண்மையில் உரியாவுக்குச் செய்த கொடுமை எத்தனை ஆழமானது என்பதைத்தான் அது சொல்கிறது. மனிதனுக்கு இழைத்த தீங்கு அவனைப் படைத்தவர்வரை போய்ச் சேர்கிறது. தீங்குக்கு ஆளானவர் தம் பங்கை மன்னிக்கலாம். மன்னிக்கவும் வேண்டும். படைத்தவரோடு அறுந்துபோன உறவைக் கட்டித்தர அவராலும் ஆகாது.

பழைய இஸ்ரயேலில் ஆண்டுக்கொரு முறை வந்த பாவக்கழுவாய் நாளை லேவியர் நூலின் 16ஆம் அதிகாரம் விரிவாக வரைந்திருக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்கள். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு கைகளை வைத்து, மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதைப் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடச் செய்வார். உடன்படிக்கைப் பேழையின் மூடிமேல், அதாவது இரக்கத்தின் இருக்கைமேல், இரத்தம் தெளிக்கப்படும். அந்த மூடிக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு என்ன சொல்லைப் பயன்படுத்தியதோ, அதே சொல்லைத்தான் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கிறிஸ்துவுக்குச் சூட்டுகிறார். திரைக்குப் பின்னால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒருவர் நெருங்கிய இடம், சிலுவையில் எல்லார் கண்ணுக்கும் முன்பாக வந்துவிட்டது என்பது அந்தச் சொல்லாட்சியின் பொருள். எபிரேயர் திருமுகம் வாதத்தை இன்னும் ஓரடி கொண்டுசெல்கிறது: ஆண்டுதோறும் திரும்பச் செய்யவேண்டியிருந்த பலி நிறைவான பலியாக இருந்திருக்க முடியாது, ஒரே முறை செலுத்தப்பட்டது கிறிஸ்துவின் பலி.

இறுதி இரவுணவில் கிண்ணத்தை எடுத்த இயேசு, தம் இரத்தம் பலருக்காகச் சிந்தப்படுவதாகச் சொன்னார். அது பாவமன்னிப்புக்காக என்ற விளக்கத்தைத் தருபவர் மத்தேயு மட்டுமே. அந்த விளக்கம் ஒவ்வொரு திருப்பலியிலும் கிண்ணத்தின்மேல் சொல்லப்படும் சொற்களில் இடம்பெற்றுவிட்டது. கத்தோலிக்க நம்பிக்கை ஊற்று என்று சுட்டுவது இங்கேதான்: கடவுளின் இரக்கம், சிலுவையில் திறந்தது.

ஒருவருடைய சாவு மற்றவர்களின் பாவத்தை எப்படிப் போக்கும்? கேண்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூலில் கடன் என்ற கோணத்திலிருந்து விளக்கினார். கடவுளுக்குரிய மாண்பை மனிதன் பறித்துக்கொண்டான். திருப்பித் தரவேண்டியவன் மனிதன், தரக்கூடியவரோ கடவுள் மட்டும். ஆகவே கடவுள் மனிதரானார் என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்து, சிலுவை வெளிப்படுத்தும் அன்பு பாவியின் உள்ளத்தில் அன்பை மூட்டுகிறது என்பதில் அழுத்தம் வைத்தார். தோமா அக்குவினாஸ் எந்த ஒரு கோணத்தோடும் நிற்கவில்லை. பேறு, ஈடு, பலி, மீட்பு என்று பல வழிகளில் கிறிஸ்துவின் பாடுகள் செயல்படுவதாக வகுத்தார். அவர் செய்த ஒரு தெளிவுபடுத்தல் மிக முக்கியமானது. ஈடாக நின்றது வலியின் அளவு மட்டும் அன்று. அந்த வலியை ஏற்ற அன்பின் அளவே அதற்கு எடை தந்தது. இது விளங்காத இடங்களில், கோபம்கொண்ட தந்தையை அப்பாவி மகன் அடிவாங்கிச் சமாதானப்படுத்தினார் என்ற கோரமான சித்திரம் பிரசங்கங்களில்கூட நுழைந்துவிடுகிறது. யோவான் நற்செய்தியும் பவுலும் சொல்வது நேர்மாறானது. மகனை அனுப்பியதே தந்தையின் அன்பு. மனிதர் பாவிகளாக இருந்தபோதே அந்த அன்பு முந்திக்கொண்டது. சிலுவை இரக்கத்தை விலைக்கு வாங்கவில்லை; ஏற்கெனவே இருந்த இரக்கம் சிலுவைவரை வந்தது.

திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணை இந்த விவாதத்தைக் காரணங்களின் மொழியில் வரையறுத்தது. தமிழ்த் தருக்க மரபில் குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரிப்பதுபோல, அரிஸ்டாட்டிலின் வழியில் வந்த மேலை மரபும் காரணங்களைப் பிரிக்கும். பாவி நீதிமான் ஆவதற்கு நிமித்தம் இரக்கமுள்ள கடவுள். அதை ஈட்டித் தந்தவர் சிலுவையில் பாடுபட்ட இயேசு. கருவி திருமுழுக்கு. நோக்கம் கடவுளின் மாட்சியும் நிலைவாழ்வும். அந்த மாற்றத்தின் வடிவமோ, மனிதரை உள்ளபடியே நீதியுள்ளவராக்கும் கடவுளின் நீதி. இந்தப் பட்டியலில் மனிதனின் முயற்சி எந்தக் காரணமாகவும் வரவில்லை. நம்பிக்கையோ நற்செயலோ, முன்னதாக வரும் எதுவும் அந்த அருளுக்கு உரிமை ஈட்டாது என்று அதே ஆணை தனியாகவும் சொல்கிறது. கத்தோலிக்கர் நற்செயலால் மன்னிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று குறைகூறுவோர் இந்த இடத்தைப் படிப்பதில்லை. வருத்தம் என்னவென்றால், கத்தோலிக்கரில் பலரும் படிப்பதில்லை.

சிலுவையோடு நிறுத்திவிடுவது இன்னொரு குறை. தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்கு நிரம்பி வழியும் பக்தி, உயிர்ப்பை ஒரு வெற்றிக் கொண்டாட்டமாக மட்டும் எண்ணிவிடக்கூடும். பவுல் அப்படிப் பிரிக்கவில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் விசுவாசிகள் இன்னும் பாவங்களில்தான் கிடக்கிறார்கள் என்று கொரிந்தியருக்குக் கறாராக எழுதுகிறார். மன்னிக்கும் பணி சீடருக்குக் கையளிக்கப்பட்டதும் உயிர்ப்பு நாளின் மாலையில்தான். யோவான் 20ஆம் அதிகாரத்தில் கதவுகள் தாழிட்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் மூன்று நாளுக்கு முன்பு தங்கள் ஆண்டவரைத் தனியே விட்டு ஓடியவர்கள். மும்முறை மறுதலித்த பேதுருவும் அவர்களைச் சேர்ந்தவர். வந்தவர் அமைதி வாழ்த்துச் சொல்கிறார். தழும்புள்ள கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அவர்கள்மேல் ஊதி, தூய ஆவியாரைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். எவருடைய பாவங்களை அவர்கள் மன்னிப்பார்களோ அவை மன்னிக்கப்படும் என்கிறார். ‘ஊதினார்’ என்பதற்கு யோவான் எடுத்த கிரேக்க வினை, முதல் மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதியதைச் சொல்லப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எடுத்த அதே வினை. மன்னிப்பு புதுப்படைப்பு என்பதை அவர் ஒரு வினைச்சொல்லால் சொல்லிவிட்டார். மன்னிக்கும் பணியை முதலில் பெற்றவர்கள், அன்று மாலை தாங்களே மன்னிப்பு தேவைப்பட்டு நின்றவர்கள்.

திருத்தூதர் நம்பிக்கை அறிக்கையில் பாவமன்னிப்பு, தூய ஆவியாருக்கும் திருச்சபைக்கும் புனிதர்களின் சமூக உறவுக்கும் அடுத்தபடியாக வருவதும் இதனால்தான். மூச்சு யாருடையதோ மன்னிப்பும் அவருடையது.

அந்த மன்னிப்பு ஒருவரை முதலில் வந்தடையும் வழி திருமுழுக்கு. 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் நம்பிக்கை அறிக்கை, பாவமன்னிப்புக்கான ஒரே திருமுழுக்கை அறிக்கையிடுகிறது. ஜென்மப் பாவமும் அதுவரை செய்த எல்லாப் பாவமும் அதில் கழுவப்படுகின்றன. இதில் ஆதித் திருச்சபைக்குள் சச்சரவு இருக்கவில்லை. கழுவப்பட்ட பிறகு விழுந்தவரை என்ன செய்வது என்பதில்தான் புயல் கிளம்பியது.

250இல் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் பாப்பிரசுத் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன: பெயர், ஊர், பலியிட்டேன் என்ற உறுதி, பார்த்தேன் என்ற அதிகாரியின் ஒப்பம். அச்சத்தில் பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் இருந்தார்கள். துன்புறுத்தல் அடங்கியதும் அவர்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். உரோமையில் நோவாசியான், மறுதலித்தவர்களைத் திருச்சபை சேர்க்கவே கூடாது, அவர்களைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிடவேண்டும் என்றார். உரோமை ஆயர் கொர்னேலியுவும் கார்த்தேசு ஆயர் சிப்பிரியானும், உரிய தவத்துக்குப் பிறகு அவர்களை ஏற்கலாம் என்று நின்றார்கள். 251இல் கார்த்தேசில் கூடிய ஆயர்களின் முடிவும் அதுவே.

நோவாசியானின் வாதத்தில் பக்தியின் சாயல் இருக்கிறது. மன்னிப்பது கடவுளின் தனியுரிமை, மனிதன் அதில் கைவைக்கலாகாது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். நூறாண்டுக்கும் பிறகு மிலான் ஆயர் அம்புரோசியார், நோவாசியானின் வழிவந்தவர்களுக்கு எழுதிய மறுப்பில் ஒரே ஒரு கேள்வியால் அதை உடைத்தார். நீங்கள் திருமுழுக்குக் கொடுக்கிறீர்களே, அதிலும் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றனவே. அங்கே மனிதன் கையைக் கடவுள் பயன்படுத்தலாம் என்றால் தவத்தின் அருளடையாளத்தில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்டார். கடவுளின் உரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கடவுள் இட்ட கட்டளையை மீறுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது அவர் கட்சி. கத்தோலிக்கப் போதனையின் அச்சாணி இந்த வாதத்தில் இருக்கிறது. ஊற்று ஒருவருடையதே. அது எந்த வழியில் பாயவேண்டும் என்று முடிவு செய்வதும் அவரே.

வழி அழுக்காக இருந்தால் நீரும் கெட்டுப்போகுமா? வட ஆப்பிரிக்காவில் தொனாத்து கட்சியினர் கெட்டுப்போகும் என்றார்கள். துன்புறுத்தலில் துரோகம் செய்த ஆயர் கொடுத்த அருளடையாளங்கள் செல்லாது என்று தனிச்சபையே கண்டார்கள். ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் இதற்குச் சொன்ன விடையில் ஒரு தோட்டக்கார உவமை வருகிறது. கல்லால் கட்டிய வாய்க்காலில் ஒரு செடியும் முளைக்காது. ஆனால் அதன் வழியே ஓடும் நீர் பாத்திக்குப் போய்ச் சேர்ந்து அங்கே விளைச்சல் தரும். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றும் அவர் எழுதினார். தகுதியற்ற குரு தம் ஆன்மாவுக்கு நேரும் கேட்டுக்குத் தாமே கணக்குக் கொடுக்கவேண்டும். அவரிடம் நல்ல மனதோடு வந்தவருக்கு மன்னிப்பு குறைவதில்லை. இது குருவுக்குச் சலுகை தரும் போதனை என்று சிலர் எண்ணுவது தவறு. கடவுளின் இரக்கத்தை ஒரு தனிமனிதரின் யோக்கியதையோடு கட்டிப்போடாமல் விசுவாசியைக் காக்கும் போதனை இது.

முதல் நூற்றாண்டுகளில் பெரும் பாவங்களுக்கான தவம் ஊரறிய நடந்தது. வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். உரோமையில் பெரிய வியாழனன்று தவம் முடித்தோர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். 6, 7ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவியர், குறிப்பாகக் கொலும்பானும் அவர் கூட்டத்தாரும், தனியாகவும் திரும்பத் திரும்பவும் செய்யத்தக்க பாவசங்கீர்த்தனத்தை ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதுள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்றது. கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையும் விதித்தது. சடங்கின் உருவம் இப்படிப் பலமுறை மாறியிருக்கிறது. ஊற்று எது என்பதில் மாற்றம் ஏதும் வரவில்லை.

இடைக்காலப் பள்ளிகளில் நுட்பமான கேள்வி ஒன்று எழுந்தது. உண்மையான மனவருத்தத்தோடு வருபவரைக் கடவுள் ஏற்கெனவே மன்னித்துவிட்டார் என்றால் குரு செய்வதுதான் என்ன? அவர்கள் அடிக்கடி எடுத்தாண்ட சித்திரம் லாசரின் கல்லறை. செத்து நான்கு நாளான லாசரை உயிரோடு எழுப்பியவர் இயேசு. கைகால் கட்டுகளோடு வெளியே வந்தவனை அவிழ்த்துவிடும்படி அருகில் நின்றவர்களிடம் சொன்னார். உயிர் கொடுப்பது கடவுளின் வேலை, கட்டவிழ்ப்பது திருச்சபையின் வேலை என்று அதைப் படித்தார்கள். பேதுரு லொம்பார்து ஒரு படி மேலே போய், தொழுநோய் நீங்கியதைப் பழைய ஏற்பாட்டுக் குரு பார்த்து அறிவித்ததுபோல இக்குருவும் கடவுள் செய்ததை அறிவிக்கிறார் என்றார். தோமா அக்குவினாசுக்கு அது போதவில்லை. எழுதுபவர் கையில் இருக்கும் எழுதுகோல் தானாக ஒரு சொல்லையும் எழுதாது. ஆனாலும் எழுத்து அதன் வழியாகத்தான் தாளில் இறங்குகிறது. குருவின் சொல்லும் அப்படிக் கடவுளின் கையில் இருக்கும் கருவி. வெறும் அறிவிப்பாக நின்றுவிடாமல், சொன்னதை அது உண்மையிலேயே செய்கிறது. மன்றாட்டு வடிவில் இருந்த வாய்ப்பாடு ‘நான் விடுவிக்கிறேன்’ என்ற உறுதி வடிவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வடிவுக்கு ஆதரவாக அவர் தனி நூலே எழுதினார். 1551 நவம்பர் 25 அன்று திரெந்து சங்கமும் குருவின் தீர்ப்பை வெறும் அறிவிப்பாகக் கொள்வதை மறுத்தது.

அப்படியானால் பாவி செய்யவேண்டியது என்ன? வருந்துதல், அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் என்ற மூன்றையும் சங்கம் கேட்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் இவற்றைக் கற்ற வரலாறு நீண்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் தமிழில் அச்சேற்றிய நூல்களில் முதலாவது 1578இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம். 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம். அடுத்து, 1580இல் கொச்சியிலேயே அச்சானது கொம்பெசியொனாயரு, பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. தமிழ் எழுத்து அச்சைக் கண்டு மூன்று ஆண்டு முடிவதற்குள், பாவத்தை எப்படி எண்ணிப் பார்த்துச் சொல்வது என்று கற்பிக்கும் புத்தகம் அச்சாகிவிட்டது.

வருத்தம் இரண்டு தரம் உடையது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் எழுவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பாலோ எழுவது அதற்குக் குறைவானது. குறைவானதும் கடவுளின் தூண்டுதலே. அதோடு அருளடையாளத்தை நாடி வருபவர் மன்னிப்புப் பெறுகிறார். உத்தம மனஸ்தாபம் உடையவரோ, இயன்றபோது பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இருந்தால், குருவைப் பார்ப்பதற்கு முன்பே கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறார். நடுக்கடலில் படகு கவிழும்போது குரு எங்கே வருவார்? குரு இல்லாத சாவில் மன்னிப்பின் கதவு அடைபடுவதில்லை. ஆனால் அங்கேயும் ஊற்று அந்த வருத்தம் ஆகிவிடாது. நெஞ்சை உருக்கியதே முந்தி வந்த அருள்தான். இயேசு சொன்ன உவமையில் ஊதாரி மகன் தூரத்தில் வரும்போதே தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் மனப்பாடம் செய்துவந்த வாக்கியங்களை முழுதும் சொல்லி முடிக்கவும் விடவில்லை.

குரு விதிக்கும் பரிகாரத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கும் பெயர் அபராதம். குரு கொடுத்த அபராதத்தைத் தீர்க்கவேண்டும் என்று பழைய ஞானோபதேசம் கற்பித்தது. போக்குவரத்துக் காவலர் விதிக்கும் தொகைக்கும் அதே சொல் வழங்கும் இக்காலத்தில், அது கட்டணம் என்ற நினைப்பைத் தூண்டிவிடுவது இயல்பு. சடங்கின் வரிசையைப் பார்த்தாலே அந்த நினைப்பு கலைந்துவிடும். பழங்காலத்தில் தவத்தை முடித்த பிறகே ஒப்புரவு கிடைத்தது. இடைக்காலத்திலிருந்து மன்னிப்பு முதலில் வழங்கப்படுகிறது. பரிகாரத்தைப் பிறகு செய்கிறார்கள். மன்னிப்புப் பெற்றவர் வீட்டுக்குப் போய்ச் செய்யும் செபம் மன்னிப்பின் விலையாக இருக்க வழியில்லை. முள் எடுத்த பிறகும் புண் ஆறவேண்டியிருக்கிறது. பாவம் விட்டுச்சென்ற கோணலை நிமிர்த்துவதும், திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சரிசெய்வதும் அந்த ஆறுதலைச் சேர்ந்தவை.

பேறுபலன்களைப் பற்றிய குழப்பமும் இங்கேதான் தீரும். பேறுபலன் பாவத்தை மன்னிப்பதில்லை. ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவம் விட்டுச்சென்ற காலத்துக்குரிய தண்டனையைக் கிறிஸ்துவின் பேறுகளின் பொருட்டு நீக்குவது. 1517இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தெழுந்தபோது ஜெர்மனியில் நடந்தது, இந்த வேறுபாட்டை மறைத்துக் காசு திரட்டிய பிரசங்கம். தமிழில் அதற்குப் பாவமன்னிப்புச் சீட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. போதனையின்படி அந்தப் பெயர் பிழை. ஆனால் அன்று சந்தையில் நின்று வாங்கியவர்களில் பலர் அப்படித்தான் நினைத்து வாங்கினார்கள் என்பதால், குற்றம் முழுவதையும் பெயர்வைத்தவர்கள் தலையில் போடமுடியாது. திரெந்து சங்கம் 1563இல் இந்த முறைகேடான ஈட்டல்களை ஒழிக்க ஆணையிட்டது. ஐந்தாம் பியு 1567இல் பணத்தோடு தொடர்புள்ள பேறுபலன்களை ரத்துசெய்தார். பிரிந்துபோன இரு தரப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்சுபர்க்கில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மனிதரின் தகுதியால் அல்லாமல், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையால், அருளால் மட்டுமே கடவுள் மனிதரை ஏற்கிறார் என்பதில் கத்தோலிக்கரும் லூத்தரனியரும் ஒருவாய்ப்பட்டார்கள். அருளடையாளத்தைப் பற்றியும் குருத்துவத்தைப் பற்றியும் வேறுபாடுகள் இன்னும் உண்டு.

திருமுழுக்கும் பாவசங்கீர்த்தனமும் தவிர வேறு வழிகளும் அந்த ஒரே ஊற்றிலிருந்து பாய்கின்றன. நற்கருணை அற்பப் பாவங்களைப் போக்குகிறது, சாவான பாவத்திலிருந்து காக்கிறது. நோயில் பூசுதல், பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாத நோயாளிக்கு மன்னிப்பைத் தருகிறது. இறைவார்த்தையைக் கேட்பது, ஈகை, பகைவரை மன்னிப்பது ஆகியவையும் அன்றாடச் சறுக்கல்களிலிருந்து மீட்பதாக மரபு சொல்லும்.

பாவசங்கீர்த்தனத்தின் தமிழ்ப்பெயர் மாறிய விதமும் கவனிக்கத்தக்கது. சங்கீர்த்தனம் வாய்விட்டு எடுத்துச்சொல்வதைக் குறிக்கும். அந்தப் பெயரில் பாரம் முழுவதும் மனிதனின் நாவில் இருந்தது. இன்றைய வழிபாட்டுத் தமிழ் ஒப்புரவு அருளடையாளம் என்கிறது. திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தின் தலைப்பிலுள்ள அதே ஒப்புரவுதான். அங்கே உலகத்தோடு இயைந்து உதவி வாழ்வதைக் குறித்த சொல், இங்கே கடவுளோடும் திருச்சபையோடும் பாவி திரும்ப இயைவதைக் குறிக்கிறது. மனிதன் சொல்வதிலிருந்து கடவுள் செய்வதை நோக்கிப் பெயர் நகர்ந்திருக்கிறது.

மன்னிக்கும் அதிகாரம் குருவின் சொத்தாக ஆகிவிடாதபடி திருச்சபைச் சட்டம் பல வேலிகளைப் போட்டிருக்கிறது. குருத்துவம் பெற்றால் மட்டும் போதாது, மன்னிப்பு வழங்கத் தனி அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் சொன்ன வாய்ப்பாடு செல்லாது. சாகும் தறுவாயில் இருப்பவர் முன்னால் அந்த வேலி நீங்கிவிடும்: அனுமதி இல்லாத எந்தக் குருவும் அவரை எல்லாப் பாவங்களிலிருந்தும் விடுவிக்கலாம். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது, ஏனென்றால் அது குரு வழியாகக் கடவுளிடம் சொல்லப்பட்டது. எந்தக் குருவும் தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொள்ள முடியாது. இந்த விதி ஆயருக்கும் உண்டு, திருத்தந்தைக்கும் உண்டு.

2014 மார்ச் 28 அன்று உரோமை புனித பேதுரு பெருங்கோயிலில் தவவழிபாடு நடந்தது. திருத்தந்தை பிரான்சிசு மற்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதாக ஏற்பாடு. உடன்வந்த சடங்கு அதிகாரி காலியாக இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் காட்டினார். பிரான்சிசு அங்கே போகாமல், சாதாரணக் குரு ஒருவர் அமர்ந்திருந்த தொட்டியின் முன்னால் போய், வெள்ளை அங்கியோடு எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டார். சில நிமிடங்கள் கழித்து எழுந்து, மற்றவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப் போனார். திருத்தந்தைக்கென்று தனி வாய்ப்பாடு எதுவும் சடங்குநூலில் கிடையாது.